ஆ காட்டுங்கோ

அம்மம்மாவிடம் ஒரு பாக்குரல் இருந்தது. இரும்பில் செய்தது, உள்ளங்கை அகலம். யாழ்ப்பாணத்துக் கரவெட்டி வீட்டு விறாந்தையில் காலை நீட்டி இருந்துகொண்டு வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு எல்லாவற்றையும் அதில் போட்டுச் சின்ன உலக்கையால் இடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படலையைத் திறக்க முன்னமே அந்தச் சத்தம் கேட்கும். நாங்கள் புழுக்கொடியலைக் கடைவாயில் வைத்து முறித்துத் தின்போம். அம்மம்மாவுக்கு அதையும் இடித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துக் குழைத்துக் கொடுக்கவேண்டும். அறுபது வயதில் அவர் வாயில் ஒரு பல்லும் இல்லை. அதை யாரும் ஒரு நோயாக எண்ணவில்லை. "வயசு போனால் பல்லும் போகும்" என்பதற்கு மேல் அந்த வீட்டில் பல் வைத்தியம் என்று ஒன்று இருக்கவில்லை.

என் அம்மா சிட்னியின் மேற்கில், டூங்காபியில் எங்களோடு இருந்தபோது அவருக்கு 84 வயது. அப்போது பல் டொக்டரிடம் கூட்டிப்போனபோது அவர் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த உதவியாளர் கணினியில் குறித்துக்கொண்டார். 21 பற்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. டொக்டர் முகத்தில் அது இல்லை. நான்கு பற்கள் முரசோரமாக, வேரில் சூத்தை விழுந்து, எப்போது வேண்டுமானாலும் முறியலாம் என்ற நிலையில் இருந்தன. கீழ்ப்பல் வரிசையின் பின்பக்கம் எத்தனையோ மாதமாகப் பிறஷ் படவில்லை. அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கி மூன்று வருடம். பல் தீட்டினீங்களோ என்று கேட்டால் "ஓம்" என்பார். நாங்களும் அதை நம்பினோம்.

அம்மம்மாவுக்கு வராத கஷ்டம் அம்மாவுக்கு வந்திருக்கிறது. பற்கள் கடைசிவரை தங்கிவிட்டன. ஆனால் அவற்றைப் பார்க்க ஒரு கை வேண்டும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. இந்த நாடும் இன்னும் முழுதாக யோசிக்கவில்லை.

அன்று, ஊரில்

பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது வேப்பங்குச்சியையும் ஆலங்குச்சியையும் புகழ்வது வழக்கம். புகழத் தகுந்தவைதான். குச்சியை மென்று தும்பாக்கித் தேய்ப்பதற்குக் குறைந்தது பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடமே பல்லுக்குப் பெரிய காவல். உமிக்கரி அப்படியல்ல. அது அழுக்கை எடுக்கும், கூடவே பல்லின் மேற்பூச்சையும் அராவும். பல் குத்தினால் கராம்பை நசித்து வைப்போம். வீங்கினால் உப்புத்தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்குவதுதான். அடைத்துக் காப்பாற்றலாம் என்பது எங்கள் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. பல் டொக்டர் என்றால் பிடுங்குபவர் என்றே பொருள்.

வெற்றிலைத் தட்டத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லவேண்டும். அது எங்கள் உபசாரம், எங்கள் மங்கலம். அதே தட்டத்தில் யாழ்ப்பாணப் புகையிலையும் இருந்தது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத வெற்றிலைபாக்கே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. பாக்கே அதற்குக் காரணம். இலங்கையில் ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தும், "வெத்திலை எரிவு" என்று சொல்லிக் காலம் கடத்தியவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். சிட்னிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடாத முதியவர்களின் வாயை ஒருவர் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண் என்றால் அதைக் காட்டாமல் இருக்கக்கூடாது.

அன்று, இங்கே

பொக்கை வாய் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. அவுஸ்திரேலியாவிலும் ஒரு தலைமுறைக்கு முதுமை என்றால் கட்டுப்பல்தான். மெல்பேர்ணில் ஏழைகளுக்கான பல் ஆஸ்பத்திரி 1890இல் தொடங்கியது. இன்று கார்ல்டன் சுவான்ஸ்டன் வீதியில் இருக்கும் றோயல் டென்டல் ஹொஸ்பிட்டல் அதன் வழி வந்தது. சிட்னியில் இரண்டு பல் ஆஸ்பத்திரிகள் 1905இல் ஒன்றாகின. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே சால்மர்ஸ் வீதியில் அந்த ஆஸ்பத்திரி இன்றும் இயங்குகிறது. அந்த நாள்களில் அங்கே போய் வரிசையில் நின்றவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் பிடுங்கல்தான்.

பணமில்லாமை மட்டும் அதற்குக் காரணமில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. மூட்டுவாதம், வயிற்று நோய், மனச்சோர்வு போன்ற எத்தனையோ நோய்களுக்கு வேர் பல்லிலுள்ள கிருமிதான், பிடுங்கிவிட்டால் உடம்பு தேறும் என்று சொன்னார்கள். நல்ல பற்களும் சேர்ந்து போயின. இளவயதிலேயே எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுக் கட்டுப்பல் போட்டுக்கொள்வதை வாழ்நாள் செலவைக் குறைக்கும் வழியாகக் கண்ட குடும்பங்களும் இருந்தன. கலியாணத்துக்கு முன் பெண்ணுக்கு முழுக் கட்டுப்பல் செட் ஒன்றைப் பரிசாகச் செய்துகொடுத்த கதைகளை இந்நாட்டு முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இதைத் திருப்பிப் போட்டது குழாய்த்தண்ணீர். 1953இல் தஸ்மேனியாவின் பீக்கன்ஸ்பீல்ட் என்ற சிற்றூரில், இந்நாட்டில் முதல் முறையாகக் குடிநீரில் புளோரைட் கலந்தார்கள். சிட்னிக்கு 1968இலும் மெல்பேர்ணுக்கு 1977இலும் அது வந்தது. லீற்றருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் அளவு பல்லின் மேற்பூச்சை உறுதியாக்கும். அளவு கூடினால் கேடு என்பதை நாங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறோம். அநுராதபுரப் பக்கத்துக் கிணறுகளில் இயற்கையாகவே புளோரைட் கூடுதல் என்பதால் அங்கே வளர்ந்த பிள்ளைகள் பலரின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கும். இங்கே அளந்து கலந்தார்கள். புளோரைட் பற்பசையும் வந்தது. பிடுங்குவதற்குப் பதிலாக அடைத்துக் காப்பாற்றும் வழக்கமும் பரவியது.

பலனை எண்களில் காணலாம். 1987-88இல் எடுத்த தேசியக் கணக்கின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இயற்கைப் பல் ஒன்றுகூட இல்லை. 2004-06இல் அது 6.4 விழுக்காடானது. 2017-18இல் 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. 75 வயதைத் தாண்டியவர்களில்கூட, இன்று ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குத்தான் பல்லே இல்லாத வாய். மற்ற நால்வரும் சொந்தப் பல்லோடுதான் முதுமைக்குள் நுழைகிறார்கள்.

ஜப்பான் இதை ஒரு குறிக்கோளாகவே வைத்துப் பாடுபட்டது. 80 வயதில் 20 பற்கள் என்ற பொருளில் '8020' என்று பெயரிட்டு 1989இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியபோது அந்த இலக்கைத் தொட்ட முதியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016இல் பாதிப்பேருக்கு மேல் தொட்டிருந்தார்கள். 84 வயதில் 21 பல்லுள்ள என் அம்மா அந்தக் கணக்கில் தேறியவர்.

இன்று, பல் உள்ள முதுமை

பிறகு ஏன் அந்த டொக்டரின் முகம் வாடியது? அவர் பொறுமையாக விளக்கினார்.

வயதாக ஆக முரசு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும். பல்லின் மேற்பகுதியைக் காக்கும் கடினப் பூச்சு வேருக்கு இல்லை. அதனால் சூத்தை அங்கே வேகமாகப் பரவும். பல்லைச் சுற்றிவர அரித்துவிட்டால் ஒருநாள் பாண் கடிக்கும்போதே மேற்பகுதி முறிந்து விழும். வலிகூட இராது.

அடுத்தது உமிழ்நீர். உமிழ்நீர் வாயைக் கழுவும், புளிப்பை முறிக்கும், தேய்ந்த பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பிக் கொடுக்கும். அம்மா எடுக்கும் மருந்துகளின் பட்டியலை டொக்டர் பார்த்தார். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு, சலம் அடிக்கடி போவதற்கு ஒன்று, மனச்சோர்வுக்கு ஒன்று. இவற்றில் பல வாயை வறளச் செய்பவை. வாய் காய்வதால் அம்மா சீனி போட்ட பால்தேநீரைச் சிறிது சிறிதாக நாள் முழுதும் குடிப்பார். கையில் மாரி பிஸ்கட். வறண்ட வாய், ஓயாத இனிப்பு, தீட்டாத பல் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அந்த 21 பற்களும் இரண்டு மூன்று வருடத்துக்குக்கூடத் தாங்கமாட்டா.

இது வாயோடு நின்றுவிடுவதில்லை. முரசு நோய் சர்க்கரை வியாதியை மோசமாக்கும், சர்க்கரை வியாதி முரசு நோயை மோசமாக்கும். சர்க்கரை வியாதி அதிகமுள்ள எங்கள் சமூகத்தில் இதை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்கவேண்டும். எலும்புத் தேய்வுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இங்கே முதியவர்கள் பலருக்கு உண்டு. அந்த ஊசியோ அதே நோய்க்கான சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போய்விடும். ஆகவே அந்த மருந்தைத் தொடங்க முன்னமே பல்லைக் காட்டிச் சரிசெய்வது நல்லது. தொடங்கிவிட்டால் பல் டொக்டரிடம் அதைச் சொல்லவேண்டும். பயந்து தாங்களாகவே ஊசியை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் அபாயம் கூடும்.

எல்லாவற்றிலும் எனக்குக் கலக்கம் தந்தது நுரையீரல் பற்றிய செய்தி. விழுங்கும் வலு குறைந்தவர்களுக்கு வாயிலுள்ள கிருமி உமிழ்நீரோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவாகும். ஜப்பானில் 11 பராமரிப்பு இல்லங்களில் இரண்டு வருடம் இதை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளரே பல் தீட்டிவிட்டார். மற்றவர்களை வழக்கம்போல விட்டார்கள். விட்டவர்களில் 19 விழுக்காட்டினருக்கு நிமோனியா வந்தது. தீட்டிவிட்டவர்களில் வந்தது 11 விழுக்காட்டினருக்கு. மாத்திரையும் ஊசியும் இல்லை. ஒரு பிறஷும் அதைப் பிடிக்கும் ஒரு கையும் செய்த வேலை அது.

யார் காசு கொடுப்பது?

இந்த நாட்டில் நெஞ்சுவலி வந்தால் ஆஸ்பத்திரி மெடிகெயரில் பார்க்கும். கண்ணைச் சோதிக்கலாம், இரத்தம் சோதிக்கலாம். பெரியவர்களின் பல் வைத்தியம் பொதுவாக அதற்குள் இல்லை. 1975இல் மெடிபாங்க் தொடங்கியபோதே பல்லை வெளியே விட்டார்கள். 1984இல் அது மெடிகெயராகத் திரும்பி வந்தபோதும் பல் வெளியேதான் நின்றது. இடையிடையே கதவு திறந்தது. 1994இல் வருமானம் குறைந்தவர்களுக்காக மத்திய அரசு தொடங்கிய பல் மருத்துவத் திட்டம் 1996உடன் நின்றது. நாட்பட்ட நோயாளருக்கு இரண்டு வருடத்தில் 4,250 டொலர் வரை கொடுத்த திட்டம் 2007இல் வந்து 2012இல் மூடப்பட்டது. முதியவர்களுக்கென்று நிலையான ஒன்று வரவேயில்லை.

மீதமிருப்பது மாநில அரசுகளின் பொதுப் பல் மருத்துவமனைகள். பென்ஷன் அட்டை உள்ளவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸில் சிகிச்சை இலவசம். விக்டோரியாவில் சிறு கட்டணம் உண்டு. அங்கே வேலை செய்பவர்கள் நல்லவர்கள், திறமையானவர்கள். ஆனால் வரிசை நீளமானது. அவசரமில்லாத சிகிச்சைக்கு மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். வேர்ச் சூத்தை அத்தனை காலம் காத்திருக்காது.

எங்கள் சமூகத்துக்கு இதில் இன்னொரு அடி உண்டு. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்து உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன் அட்டை இருக்கிறது. அண்மையில் பிள்ளைகள் பெருந்தொகை கட்டிப் பெற்றோர் விசாவில் கூப்பிட்ட அம்மா அப்பாக்களின் நிலை வேறு. முதியோர் பென்ஷனுக்குப் பொதுவாகப் பத்து வருடம் இங்கே வசித்திருக்கவேண்டும். மற்றச் சலுகை அட்டைகளுக்கும் புதிதாக வந்தவர்கள் சில வருடம் காத்திருக்கவேண்டும். மெடிகெயர் அட்டை கையில் இருக்கும், அது பல்லுக்கு உதவாது. பொதுப் பல் மருத்துவமனைக்கான அட்டை இராது. அந்த இடைவெளி பெரும்பாலும் எழுபது வயதில் விழுகிறது, பல்லுக்கு உதவி மிகவும் தேவைப்படும் வயதில். "பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது" என்று அந்தத் தாய்மார் ஒரு பக்கத்தால் மட்டும் மென்று, வலியை மறைத்துக்கொண்டு, "எனக்குப் பசிக்கேல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் ஒரு முதியவர் இறைச்சியையும் மரக்கறியையும் ஒதுக்கிவிட்டுப் பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்னத் தொடங்கினால், முதலில் அவர் வாயைப் பாருங்கள்.

முதியோர் பராமரிப்பு பற்றி விசாரித்த அரச ஆணைக்குழு 2021 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதிலுள்ள 148 பரிந்துரைகளில் ஒன்று, பராமரிப்பு இல்லங்களில் வாழ்பவர்களுக்கும் பென்ஷன் பெறும் முதியவர்களுக்கும் தனியான பல் மருத்துவ நிதித்திட்டம் வேண்டும் என்பது. 2023 ஜனவரி 1க்கு முன் அதைத் தொடங்கச் சொன்னார்கள். அந்த நாள் வந்தது, போனது. திட்டம் வரவில்லை. அதே வருடம் செனட் குழு ஒன்று நாடு முழுவதும் சாட்சியம் கேட்டுப் பல் மருத்துவத்தைப் பற்றி இன்னோர் அறிக்கை தந்தது. அறிக்கைகளுக்குக் குறைவில்லை. தேர்தலுக்கு எங்கள் கோயில் மண்டபங்களுக்கு வரும் அரசியல்வாதிகளிடம் நாங்கள் கேட்கவேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று. விசாவைப் பற்றிக் கேட்கிறோம், ஊரைப் பற்றிக் கேட்கிறோம். எங்கள் தாய்மாரின் வாயைப் பற்றியும் கேட்போம்.

பிறஷ் பிடிக்கும் கை

காசு வந்தாலும் தீராத பாதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையும் இரவும் யார் தீட்டிவிடுவது?

சென்ற வருடம் அம்மாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கவேண்டி வந்தது. முதல் மாதத்திலேயே அவருடைய மேல்வரிசைச் சிறு கட்டுப்பல் தொலைந்தது. சாப்பிடும்போது கழற்றி ரிஸ்யூவில் சுற்றித் தட்டில் வைத்திருக்கிறார். தட்டோடு குப்பைக்குப் போய்விட்டது. பெயர் பொறித்திருக்கவில்லை. கட்டுப்பல் செய்யும்போதே பெயரைப் பதித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை இரவில் கழற்றிவைக்கவேண்டும் என்பதும், பற்பசை போட்டால் கீறல் விழும், சவர்க்காரமும் குளிர்ந்த தண்ணீரும் போதும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய கஷ்டம் அம்மா வாயைத் திறக்க மறுத்தது. பராமரிப்பாளர்கள் குறிப்பேட்டில் 'மறுத்துவிட்டார்' என்று எழுதினார்கள். தினமும் அதே வரி. கோபத்தோடு ஓர் இரவு நான் அங்கேயே நின்று பார்த்தேன். வேலைக்கு இருந்தவர் ஒரு நேபாளப் பெண். பன்னிரண்டு பேருக்கு அவர் ஒருவர். அன்பாகத்தான் பேசினார், ஆனால் ஆங்கிலத்தில். மறதி நோய் அம்மாவிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது, ஐம்பது வயதுக்குப் பிறகு படித்த அந்த ஆங்கிலத்தைத்தான். முன்பின் தெரியாத ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டு வாய்க்குள் ஒரு குச்சியை விட வருகிறார் என்றால் யார்தான் வாயை இறுக்கிக்கொள்ளமாட்டார்கள்?

நான் பிறஷை வாங்கினேன். முன்னால் நிற்காமல் பக்கத்தில் நின்று, கண்ணாடியில் இருவரும் தெரியும்படி அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டேன். பிறஷை அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கையின்மேல் என் கையை வைத்தேன். "அம்மா, ஆ காட்டுங்கோ" என்றேன். சோறு தீத்தும்போது அவர் எனக்குச் சொன்ன சொல். வாய் திறந்தது.

பல் டொக்டர் சொல்லித்தந்த மற்றவையும் எளிமையானவைதான். சின்னத் தலையுள்ள மென்மையான பிறஷ். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், புளோரைட் 5000 பிபிஎம் (ppm) அளவுள்ள பற்பசை, பட்டாணி அளவு. தீட்டியதும் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளித்துக் கழுவிவிடக்கூடாது. முரசோரத்தை விடாமல் தேய்க்கவேண்டும். தேநீரில் சீனியைக் குறைத்து, இடையில் தண்ணீர் கொடுக்கவேண்டும். மருந்துகளில் வாய் வறட்டுபவை எவை என்று குடும்ப டொக்டரிடம் கேட்டு, மாற்றமுடிந்ததை மாற்றவேண்டும். மொழி தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே எத்தனை சொந்தப் பல், எத்தனை கட்டுப்பல் என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதுவிக்கவேண்டும். எழுதியிருந்தால்தான் கேட்கமுடியும்.

நான் ஒவ்வோர் இரவும் போகமுடியாது. ஆகவே அந்த நேபாளப் பெண்ணுக்கு ஒரு சின்ன அட்டையில் அந்த இரண்டு சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினார். அடுத்த கிழமை போனபோது அவர் அம்மாவின் தோளைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். "ஆ காட்டுங்கோ" என்றார். 'ட்' கொஞ்சம் 'த்' ஆகக் கேட்டது. அம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்து, குழந்தை மாதிரி முழுதாக வாயைத் திறந்தார்.

கதவருகே நின்று நான் எண்ணிப் பார்த்தேன். வேரில் முறிந்த ஒன்று போக, இருபது.